க்ளோண்டைக்: உறைந்த நிலத்தின் மேல் ஓடும் ஒரு சிற்றாறு

கனடாவின் வடமேற்கு மூலையில், அலாஸ்காவை ஒட்டிய யூகான் பிரதேசத்தில் ஓடுகிறது க்ளோண்டைக் ஆறு. நீளம் சுமார் 160 கிலோமீட்டர். ஓகில்வி மலைகளில் பிறந்து மேற்கு நோக்கி வந்து, டாசன் சிட்டி என்ற சிறு நகரத்தின் தெற்கு ஓரத்தில் யூகான் பேராற்றில் கலந்துவிடுகிறது. 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட யூகானுக்கு இது ஒரு சிறிய துணையாறு. 1896இல் இதில் வந்து சேரும் ஓடையொன்றில் தங்கம் கிடைத்ததால் பெயர் உலகம் முழுக்கப் பரவியது. அந்தப் பெயரைக் கேட்டிருக்கும் பலருக்கு அது ஓர் ஆற்றின் பெயர் என்பது தெரியாது.

ஓர் ஆற்றைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால் மழையிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். 64 டிகிரி வட அட்சரேகையில் அது பாதி வழிக்குத்தான் உதவும். டாசனில் ஓராண்டில் பெய்வது, பனிப்பொழிவை உருக்கிக் கணக்கிட்டாலும், 350 மில்லிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு குறைந்த மழைக்கு வறண்டு கிடக்க வேண்டிய பள்ளத்தாக்குகள் இங்கே சதுப்பாக இருக்கின்றன. கோடையில் ஒரு நாள் மழைக்கே ஓடைகள் பொங்குகின்றன. காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் உருகாத நிலம் அங்கே கிடக்கிறது. தண்ணீர் எப்போது வரும், எங்கே பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும், தங்கத்தை ஏன் குளிர்காலத்தில் தோண்டினார்கள் என்ற எல்லாக் கேள்விகளும் அந்த உறைநிலத்தில்தான் போய் நிற்கும். இந்த ஆற்றைப் படிக்கிறவர் முதலில் நிலத்தைப் படிக்க வேண்டும்.

எல்லையை வரைவது

ஓர் ஆற்றின் புவியியலில் முதல் வேலை அதன் வடிநிலத்தைக் குறிப்பது. எந்த நிலப்பரப்பில் விழும் நீர் கடைசியில் இந்த ஆற்றுக்குள் வந்து சேருமோ, அதுவே அதன் வடிநிலம். 1896இல் தங்கம் கிடைத்த போனான்சா ஓடை வந்து சேரும் இடத்துக்குச் சற்று மேலே கனடா அரசின் நீரளவு நிலையம் ஒன்று இருக்கிறது. அந்த இடம் வரையிலான க்ளோண்டைக் வடிநிலம் சுமார் 7,800 சதுர கிலோமீட்டர்.

இதை நீங்களே வரைபடத்தில் வரைந்து பார்க்கலாம். கனடாவின் 1:50,000 அளவு நிலவரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. டாசன் பகுதி 116 பி என்ற தொகுதியின் தாள்களில் வருகிறது. ஆறு முழுவதுக்கும் பல தாள்களை ஒட்ட வேண்டியிருக்கும் என்பதால் பழகுவதற்கு ஒரு துணை ஓடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடை முடியும் இடத்தில் புள்ளி வையுங்கள். அங்கிருந்து ஒரு பக்கக் கரையின் மேட்டில் ஏறி, சமவுயரக் கோடுகளை எப்போதும் செங்குத்தாக வெட்டியபடி, உயரமான முதுகுகள் வழியாகவே கோட்டைக் கொண்டுபோய், மறு கரை வழியாக இறங்கிப் புள்ளிக்குத் திரும்புங்கள். உங்கள் கோடு எந்த ஓடையையும் குறுக்கே கடக்கக் கூடாது. கடந்திருந்தால் பிழை.

தொடங்குகிறவர்கள் அதிகம் தவறுவது மலை முதுகையும் பள்ளத்தையும் மாற்றிப் படிப்பதில். சமவுயரக் கோடு ஓடையைக் கடக்கும் இடத்தில் கூர்மையாக வளையும், அந்தக் கூர்முனை மேட்டுப் பக்கத்தைக் காட்டும். முதுகில் வளையும்போது முனை பள்ளத்துப் பக்கம் திரும்பும். இது கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் பொறுமைதான். தட்டையான கணவாய்களில் மட்டும் இரண்டாம் முறை பாருங்கள். அங்கே சதுப்பு இரு பக்கமும் வடியும், கோட்டை எங்கே போடுவது என்று வரைபடம் தெளிவாகச் சொல்லாது.

அப்படிப்பட்ட ஒரு கணவாய் இந்த ஆற்றின் வட எல்லையிலேயே இருக்கிறது. டாசனுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை தொடங்கி, வட க்ளோண்டைக் என்ற கிளையின் பள்ளத்தாக்கில் ஏறிச் செல்கிறது. ஏறத்தாழ 80ஆவது கிலோமீட்டரில் நார்த் ஃபோர்க் கணவாய், உயரம் சுமார் 1,300 மீட்டர். அதன் தெற்குச் சரிவில் விழும் நீர் க்ளோண்டைக், யூகான் வழியாகப் பெரிங் கடலுக்குப் போகிறது. வடக்குச் சரிவில் விழுவது பிளாக்ஸ்டோன், பீல், மெக்கன்சி ஆறுகள் வழியாக ஆர்க்டிக் பெருங்கடலுக்கு. சாலையில் போகிறவருக்கு இது பெரிய மலைச்சிகரமாகத் தெரியாது, அகன்ற புல்வெளி மேடாகத்தான் தெரியும். நீர்பிரிமேடு என்றால் கூர்மையான முகடு என்று பாடப்புத்தகப் படங்கள் பழக்கிவிட்டதால் பலர் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

தென் க்ளோண்டைக் என்று மற்றொரு கிளையும் உண்டு. பரப்பில் வட கிளை சிறியது, சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். ஆனால் டூம்ஸ்டோன் மலைகளின் உயரமான பகுதி அதில் இருப்பதால் பனி அங்கே அதிகம் தேங்கி, தாமதமாக உருகுகிறது.

பனிப்பாறை போன பாதியும் போகாத பாதியும்

மேல் பள்ளத்தாக்கும் கீழ்ப் பள்ளத்தாக்கும் வடிவத்திலேயே வேறுபடுகின்றன. டூம்ஸ்டோன் பக்கம் பள்ளத்தாக்குகள் அடி அகன்று, சுவர்கள் செங்குத்தாக எழுந்து நிற்கும். பனி யுகங்களில் அங்கே மலைப் பனிப்பாறைகள் ஊர்ந்து பாறையைச் சுரண்டின. கீழே, டாசனுக்குத் தெற்கிலுள்ள க்ளோண்டைக் பீடபூமியில், குன்றுகளின் உச்சி உருண்டையாகவும் ஓடைப் பள்ளங்கள் ஒடுங்கியும் இருக்கும். அந்தப் பகுதியைப் பனிப்பாறைகள் ஒருபோதும் மூடவில்லை.

வடக்கே போகப் போகப் பனிப்பாறை அதிகம் இருந்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பனிப்பாறை வளரக் குளிர் மட்டும் போதாது, ஏராளமான பனிப்பொழிவும் வேண்டும். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரத்தைத் தென்மேற்கிலுள்ள செயின்ட் எலியாஸ் மலைத்தொடர் தடுத்துவிடுகிறது. அதனால் நடு யூகான் கடுங்குளிரிலும் வறண்டு கிடந்தது. சைபீரியாவையும் அலாஸ்காவையும் இணைத்த பெரிஞ்சியா என்ற பனிப்பாறையற்ற நிலத்தின் கிழக்கு விளிம்பு அது. காற்று அள்ளி வந்த நுண்மண் பள்ளங்களில் படிந்து, செடிகொடி மக்குகளோடு சேர்ந்து உறைந்து, பல மீட்டர் தடிமனான கருமண்ணாகியது. சுரங்கக்காரர்கள் அதை ‘மக்’ என்கிறார்கள். மாமூத், காட்டெருமை, குதிரை ஆகியவற்றின் எலும்புகள் அதிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. 2022 ஜூனில் தோலோடு முழுதாகக் கிடைத்த நுன் சோ கா என்ற மாமூத் குட்டி 30,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அது கிடைத்த யுரேகா ஓடை தங்க வயலைச் சேர்ந்ததுதான், ஆனால் தெற்கே இந்தியன் ஆற்றின் வடிநிலத்தில் இருக்கிறது. செய்திகளில் எல்லாம் ‘க்ளோண்டைக்’ என்றே வந்ததால் ஆற்றையும் வட்டாரத்தையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

பள்ளத்தாக்கின் அமைப்பில் இன்னொரு கை டின்டினா பிளவுடையது. யூகானை வடமேற்காகக் குறுக்கே வெட்டிச் செல்லும் இந்த நிலப்பிளவில், இரு பக்கப் பாறைகளும் ஒன்றையொன்று 400 கிலோமீட்டருக்கும் மேல் உரசி நகர்ந்திருக்கின்றன. பிளவின் மேல் உண்டான அகன்ற தாழ்வைக் கடந்துதான் க்ளோண்டைக் பீடபூமிக்குள் நுழைகிறது. டாசனுக்கு வரும் நெடுஞ்சாலையில், நகரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாக ஒரு பார்வை மேடை உண்டு. அங்கு நின்றால் இந்தத் தாழ்வு முழுவதும் கண்ணில் படும்.

உறைநிலம்

இரண்டு ஆண்டுகளாவது தொடர்ந்து சுழிய டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்த நிலமும் உறைநிலம். மண்ணாகவோ பாறையாகவோ சரளையாகவோ இருக்கலாம், பனிக்கட்டி இருந்தாக வேண்டும் என்பதுகூட இல்லை. அதன் மேல் கோடையில் உருகிக் குளிரில் மறுபடி உறையும் மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. தடித்த பாசி மூடிய இடத்தில் அந்த அடுக்கு அரை மீட்டர்தான் இருக்கும். பாசி இல்லாத வறண்ட சரளையில் பல மடங்கு ஆழமாகப் போகும்.

டாசன் வட்டாரத்தில் உறைநிலம் பரவலாக உண்டு, எல்லா இடத்திலும் இல்லை. எங்கே இருக்கும் என்பதைச் செடிகளை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். வடக்குப் பார்த்த சரிவுகளிலும் பள்ளத்தின் அடியிலும் குட்டையான கருந்தளிர் ஸ்ப்ரூஸ் மரங்கள் பாசிமேல் சாய்ந்தும் கோணியும் நின்றால் அடியில் உறைநிலம் இருக்கிறது. தெற்குப் பார்த்த சரிவில் ஆஸ்பென், பிர்ச், புல் என்று வறண்டு இருந்தால் அங்கே அது இல்லை, அல்லது மிக ஆழத்தில் இருக்கிறது. வெயில் தாழ்ந்த கோணத்தில் விழும் நாட்டில் சரிவின் திசைக்கு இவ்வளவு வலிமை உண்டு. ஒரே ஓடையின் இரு கரைகள் இரண்டு வேறு காலநிலையில் இருப்பதைச் செயற்கைக்கோள் படத்தில் நிறத்தை வைத்தே பார்க்கலாம்: ஒரு பக்கம் கரும்பச்சை, எதிர்ப்பக்கம் இளம்பச்சை. இதை ஒருமுறை பார்க்கப் பழகிவிட்டால் பிறகு எந்த வடநாட்டு வரைபடத்தையும் வெறுமனே பார்க்க மனம் வராது.

ஆற்றுக்கு இதனால் என்ன? உறைந்த மண் நீரைக் குடிக்காது. பனி உருகும்போதும் மழை பெய்யும்போதும் நீர் அந்த அரை மீட்டர் பாசி அடுக்குக்குள்ளேயே பக்கவாட்டில் நகர்ந்து ஓடைக்கு வந்துவிடும். எனவே வெள்ளம் வேகமாக ஏறும், வேகமாக இறங்கும். நிலத்தடியில் சேமிப்பு குறைவாக இருப்பதால் குளிர்கால ஓட்டம் மிகவும் மெலிந்துவிடும். காட்டுத்தீ பாசியை எரித்துவிட்டால் கணக்கே மாறுகிறது. வெப்பத்தைத் தடுத்த போர்வை போய், உருகும் அடுக்கு ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகும். பனிக்கட்டி மிகுந்த சரிவு இளகிச் சரிந்து ஓடையைச் சேறாக்கும். தீ அணைந்த கோடையோடு இது முடிந்துவிடாது, பல ஆண்டுகள் தொடரும்.

நீரின் ஓராண்டு

முதலில் ஒரு கணக்கு. 7,800 சதுர கிலோமீட்டர் மேல் 1 மில்லிமீட்டர் நீர் என்றால் 78 லட்சம் கனமீட்டர். அது ஒரே நாளில் ஆற்றுக்கு வந்தால் நொடிக்குச் சுமார் 90 கனமீட்டர், நமக்குப் பழக்கமான அளவில் ஏறத்தாழ 3,200 கன அடி. மலையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீருக்கு இணையான பனி உருகினால் என்ன ஆகும் என்பதை இதை வைத்தே ஊகிக்கலாம். உண்மையில் அவ்வளவும் ஒரே நாளில் வராது. தாழ்வான சரிவு ஏப்ரல் முடிவில் உருகத் தொடங்கும், டூம்ஸ்டோன் உயரங்கள் ஜூன் வரை இழுக்கும். இந்த உயர வேறுபாடுதான் வெள்ளத்தைப் பல வாரங்களுக்குப் பரப்புகிறது. ஏப்ரல் குளிராகவே நீடித்து, மே நடுவில் திடீரென வெப்பம் ஏறினால் தாழ்வும் உயரமும் சேர்ந்து உருகும். ஆபத்தான ஆண்டு அதுதான்.

பனியின் ஆழத்தை மட்டும் பார்த்து நீரைக் கணிக்கக் கூடாது. அரை மீட்டர் பனியின் அடர்த்தி நீரில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் அதில் இருப்பது 100 மில்லிமீட்டர் நீர். அடர்த்தி பாதியானால் நீரும் பாதி. இதற்காகத்தான் குழாயை நிலம் தொடும்வரை பனிக்குள் இறக்கி, உள்ளே நின்ற பனியை எடை போடுகிறார்கள். குழாயின் அடியில் கொஞ்சம் மண்ணோ புல்லோ ஒட்டியிருந்தால்தான் தரை வரை போயிற்று என்று பொருள். அதைச் சுரண்டி எடுத்த பிறகே எடை. காற்று பனியை ஓரிடத்தில் குவித்து ஓரிடத்தில் வழித்துவிடும் என்பதால் ஒரே பாதையில் பல இடங்களில் அளந்து சராசரி காண்பார்கள். யூகான் அரசு மார்ச், ஏப்ரல், மே தொடக்கங்களில் இந்த அளவுகளைத் தொகுத்து வெளியிடுகிறது.

உச்ச ஓட்டம் பொதுவாக மே பிற்பகுதி, ஜூன் தொடக்கம். அப்போது டாசனில் பகல் இருபது மணி நேரத்தைத் தொடுகிறது, உருகல் இரவில் நிற்பதில்லை. ஜூலை, ஆகஸ்டில் மழைக்கேற்ப ஏற்ற இறக்கங்கள். மணல் திட்டில் கூடாரம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது டாசன் வானத்தை அல்ல, ஓகில்வி மலைகளின் மேல் நிற்கும் மேகத்தை. அங்கே பெய்த மழை, கீழே வெயில் அடிக்கும்போது வந்து சேரும். வெள்ளம் கரையை அறுப்பதால் வேரோடு சாய்ந்த மரங்கள் நீர்மட்டத்தில் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும். வளைவின் வெளிப்பக்கத்தில்தான் நீர் வேகமாகவும் மரம் அதிகமாகவும் இருக்கும், படகோட்டிகள் அதனால்தான் உட்பக்கமாகவே வளைகிறார்கள். கோடையிலும் நீர் கைகால்களைச் சில நிமிடங்களில் மரக்கச் செய்யும் குளிர்.

பனிக்கட்டி

அக்டோபரில் ஆறு உறைகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். உறையும் விதம்தான் முக்கியம். ஏரியில் மேற்பரப்பு அமைதியாக உறைந்து தகடாகும். வேகமாகக் கலங்கி ஓடும் ஆற்றில் நீர் முழுவதும் சேர்ந்து குளிர்ந்து, சுழியத்துக்குச் சற்றே கீழே, ஒரு டிகிரியில் நூறில் சில பங்கு அளவுக்கு இறங்கும். அப்போது நீருக்குள்ளேயே நுண்ணிய தட்டுகளாகப் பனிக்கட்டி பிறக்கிறது. இதற்கு ஃப்ரேசில் என்று பெயர். அது தொட்ட எதிலும் ஒட்டும். கூழாங்கல்லில் ஒட்டி ஆற்றின் அடியிலேயே பனிக்கட்டி வளரும், நீர் எடுக்கும் குழாய்களின் சல்லடையை ஓர் இரவில் அடைத்துவிடும், முன்னரே உறைந்த தகட்டின் கீழ் போய்ச் சேர்ந்து வழியைக் குறுக்கும். குளிர்காலத்தில் மழையே இல்லாமல் நீர்மட்டம் ஏறுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

சிறு ஓடைகளில் வேறொரு சிக்கல். மேலிருந்து பனிக்கட்டி தடிக்கிறது, கரை மண் உறைகிறது, கீழே உறைநிலம் இருக்கிறது. நடுவில் ஊற்று நீர் மட்டும் விடாமல் வருகிறது. போக வழியில்லாத நீர் அழுத்தத்தில் பனிக்கட்டியைப் பிளந்துகொண்டு மேலே வழிந்து, அங்கே உறைகிறது. மறுநாள் இன்னொரு அடுக்கு. இப்படியே ஏப்ரல் வரை வளர்ந்து சில மீட்டர் தடிமனாகி, பள்ளத்தையே நிரப்பிவிடும். அறிவியலில் இதை அவுஃபைஸ் என்கிறார்கள், ஊர்க்காரர்கள் ‘ஓவர்ஃப்ளோ’ என்கிறார்கள். சாலைக்கு அடியிலுள்ள மதகுக் குழாய் இப்படி அடைபட்டால் நீர் சாலைமேல் ஏறி உறையும். நீராவி பாய்ச்சித்தான் குழாயைத் திறக்க முடியும்.

நடப்பவருக்கு ஓவர்ஃப்ளோவின் ஆபத்து மூழ்குவது அல்ல, நனைவது. புதுப்பனி போர்வைபோல் மூடிக் குளிரைத் தடுப்பதால் அதன் அடியில் வழிந்த நீர் பல நாள் உறையாமலே இருக்கும். மைனஸ் 30 டிகிரியில் பூட்ஸ் நனைந்தால் விரல்களைக் காப்பாற்றச் சில நிமிடங்களே உண்டு. பனி சற்றே அமுங்கித் தெரிவது, சாம்பல் நிற ஈரத் திட்டு, காற்றே இல்லாதபோது மெல்ல எழும் ஆவி ஆகியவை அடையாளங்கள். ஏரிக்குச் சொல்லும் ‘10 சென்டிமீட்டர் தெளிந்த பனிக்கட்டி ஒருவரைத் தாங்கும்’ என்ற கணக்கை ஆற்றுக்குக் கொண்டுவரக் கூடாது. அடியில் நீரோட்டம் பனிக்கட்டியை அரிப்பதால் பத்து அடி தள்ளித் தடிமன் பாதியாக இருக்கலாம். ஊற்று, துணை ஓடை சேருமிடம், வளைவின் வெளிக்கரை மூன்றையும் விலக்கிக் கடப்பதே முறை.

வசந்தத்தில் பனிக்கட்டி உடைகிறது. பெரிய ஆறான யூகான் இன்னும் அசையாமல் கிடக்கும்போதே க்ளோண்டைக் உடைந்து வந்தால் பனிக்கட்டிப் பாளங்களுக்குப் போக்கிடம் இல்லை. குறுகிய வளைவிலும், ஆழம் குறைந்த சரளைத் திட்டிலும், பழைய பனிக்கட்டி இன்னும் விடாத இடத்திலும் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி அணைபோல் நிற்கும், பின்னால் நீர் மணிக்கணக்கில் உயரும். 2023 மே மாதம் க்ளோண்டைக் பள்ளத்தாக்கில் நடந்தது இதுதான். டாசனுக்குக் கிழக்கே ராக் க்ரீக், ஹெண்டர்சன் கார்னர் குடியிருப்புகளில் நீர் புகுந்து மக்கள் வெளியேற வேண்டியதாயிற்று. 1979இல் டாசன் நகரத்தையே மூழ்கடித்தது யூகான் ஆற்றின் பனிக்கட்டி அடைப்பு, அதன் பிறகுதான் இன்றுள்ள கரையணை எழுந்தது. அந்த அணை யூகான் வெள்ளத்துக்கானது. பள்ளத்தாக்கின் மேலே சிதறி வாழ்கிறவர்களுக்கு அது உதவாது.

தங்கம் ஏன் அங்கே

க்ளோண்டைக் ஆற்றின் நடு ஓட்டத்தில் பெருந்தங்கம் கிடைக்கவில்லை. தெற்கிலிருந்து வந்து சேரும் போனான்சா, அதன் கிளையான எல்டொராடோ, ஹங்கர், பேர் ஓடைகளில்தான் அது இருந்தது. இந்த ஓடைகளில் பலவும், தெற்கே இந்தியன் ஆற்றுக்கு இறங்கும் சல்ஃபர், டொமினியன் ஓடைகளும், கிங் சாலமன் டோம் என்ற ஒரே குன்றைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் கிளம்புகின்றன. தங்கம் இந்தக் குன்றுகளின் ஷிஸ்ட் என்ற, தகடு தகடாகப் பிரியும் பாறையிலுள்ள வெண்கல் (குவார்ட்ஸ்) நரம்புகளிலிருந்து வந்தது.

பாறை சிதைந்து சரளையாகும்போது தங்கம் விடுபடுகிறது. தங்கத்தின் அடர்த்தி நீரைப் போல 19.3 மடங்கு, வெண்கல்லுடையது 2.65 மடங்கு. வெள்ளம் சரளையைப் புரட்டும் ஒவ்வொரு முறையும் தங்கம் ஒரு படி கீழே இறங்கி, கடைசியில் அடிப்பாறையின் பிளவுகளில் சிக்கி நின்றுவிடும். பனிப்பாறை வந்திருந்தால் இந்தச் சரளையை வழித்தெடுத்து எங்கெங்கோ கலந்திருக்கும். பனிப்பாறை வராததால் லட்சக்கணக்கான ஆண்டுகளாக ஆறு சலித்து வைத்தது அப்படியே மிஞ்சியது.

குன்றுகளின் தோளில், இன்றைய ஓடைக்கு வெகு உயரத்திலும் தங்கச் சரளை இருப்பது புதிதாக வந்தவர்களைத் திகைக்க வைத்தது. ஒயிட் சேனல் எனப்படும் அந்த வெளிறிய சரளை பழைய ஓடைகளின் படுகை. சுமார் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை யூகான் ஆறு தெற்கு நோக்கி ஓடியது. முதல் பெரும் பனித்தகடு அந்த வழியை அடைத்ததும் அது வடமேற்காகத் திரும்பியது. துணையாறுகள் போய்ச் சேரும் அடிமட்டம் தாழ்ந்ததால் அவை ஆழமாக அறுத்துக்கொண்டு இறங்கின, பழைய படுகைகள் மேலே தங்கிவிட்டன. அறுபட்ட சரளையின் தங்கம் புதிய ஓடைக்குள் விழுந்து மறுபடி செறிந்தது. போனான்சாவின் வளம் இப்படி இரண்டு முறை சலித்த வளம்.

1896 ஆகஸ்ட் 16 அன்று, அப்போது ராபிட் க்ரீக் எனப்பட்ட போனான்சாவில், கீஷ் என்ற ஸ்கூக்கும் ஜிம், டாசன் சார்லி, ஜார்ஜ் கார்மாக் ஆகியோர் இருந்த குழு தங்கத்தைக் கண்டது. 1898க்குள் பல்லாயிரம் பேர் வந்து குவிந்தார்கள். அவர்களை மறித்தது உறைநிலம். சரளை கல்லாய் உறைந்திருந்தது. விறகு அடுக்கி இரவு முழுக்க எரித்தால் ஓர் அடி அளவுக்கு இளகும், அதைத் தோண்டி மேலே குவிப்பார்கள். கோடையில் குழிக்குள் நீர் ஊறும், சுவர் இளகிச் சரியும். அதனால் தோண்டும் வேலை குளிர்காலத்தில். சரளையைக் கழுவித் தங்கத்தைப் பிரிக்க நீர் வேண்டும், அது பனி உருகும்போது மட்டும் உண்டு. எனவே கழுவுதல் மே, ஜூனில். மனிதர்களின் வேலைநாட்காட்டியை ஆற்றின் நாட்காட்டியே எழுதியது. பின்னர் நீராவிக் குழாயும், அதன் பிறகு குளிர்ந்த நீரையே அழுத்திப் பாய்ச்சி இளக்கும் முறையும் வந்தன.

ஓடை நீர் கோடை நடுவில் வற்றியதால் அடுத்த வடிநிலத்திலிருந்தே நீரைக் கொண்டுவந்தார்கள். 1906 முதல் 1909 வரை கட்டிய யூகான் டிட்ச் என்ற கால்வாய், மரவாய்க்கால்களும் குழாய்களுமாகச் சுமார் 110 கிலோமீட்டர் நீண்டு, க்ளோண்டைக் பள்ளத்தாக்கைக் குழாயில் கடந்து போனான்சா குன்றுகளை அடைந்தது. வட க்ளோண்டைக்கில் 1911இல் நீர்மின் நிலையம் எழுந்தது. அந்த மின்சாரத்தில் வாளிச்சங்கிலி பூட்டிய மிதக்கும் டிரெட்ஜ்கள் படுகையை அடிப்பாறை வரை வாரின. 1912இல் கட்டப்பட்ட நான்காம் எண் டிரெட்ஜ் 1959 வரை ஓடியது, இன்று போனான்சாவில் காட்சிக்கு நிற்கிறது.

டாசனுக்குள் நுழையும்போது சாலையின் இரு பக்கமும் வளைந்து வளைந்து கிடக்கும் கற்குவியல்கள் இந்த இயந்திரங்கள் விட்டுச் சென்றவை. அவற்றின் அடுக்கு தலைகீழானது: நுண்மண் அடியில், பெருங்கல் மேலே. வேர் பிடிக்க மண் இல்லாததால் பல இடங்களில் பல பத்தாண்டுகளாகியும் மரம் சரியாக வளரவில்லை. ஆற்றுக்கு வெள்ளத்தில் பரவ இடம் கொடுத்த சமவெளி போய், குவியலும் குளமுமாக மாறிவிட்டது. தங்க வேட்டையைச் சாகசமாக மட்டும் சொல்கிறவர்கள் இந்தக் குவியல்களின் மேல் ஏறி ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும்.

இழந்தவர்கள் யார் என்பதும் இந்த ஆற்றின் புவியியலில் சேர்ந்ததே. க்ளோண்டைக் யூகானில் சேரும் கூடுமுகத்திலுள்ள ட்ரோச்செக் என்ற இடம் ட்ரோண்டெக் ஹ்வெச்சின் என்ற பழங்குடி மக்களின் மீன்பிடி முகாம். சால்மன் மீன்களை மறிக்க ஆற்றின் அடியில் கழிகளை அடித்து வேலி கட்டுவார்கள். தங்க வேட்டையினர் அந்த இடத்தை ஆக்கிரமித்தபோது, தலைவர் ஐசக் தம் மக்களை யூகானில் சில கிலோமீட்டர் கீழே மூஸ்ஹைடுக்கு அழைத்துச் சென்றார். 2023இல் ட்ரோண்டெக்-க்ளோண்டைக் என்ற பெயரில் இந்த இடங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பெரிங் கடலிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் மேல் நீந்தி இங்கு வரும் சினூக் சால்மன் மிகவும் குறைந்துவிட்டதால், 2024 ஏப்ரலில் கனடாவும் அலாஸ்காவும் யூகான் ஆறு முழுவதும் அதைப் பிடிப்பதை ஏழு ஆண்டுகளுக்கு நிறுத்த ஒப்புக்கொண்டன.

அளவு நிலையத்தைப் படிப்பது

க்ளோண்டைக்கின் நீர்மட்டமும் ஓட்டமும் கனடா நீரளவுத் துறையின் தளத்தில் நாள்தோறும் கிடைக்கின்றன. மட்டம் என்பது மீட்டரில், அந்த நிலையத்துக்கென்று வைத்த ஓர் அடிப்படையிலிருந்து. ஓட்டம் நொடிக்குக் கனமீட்டரில். கருவி நேரடியாக அளப்பது மட்டத்தை மட்டும்தான். பணியாளர்கள் பல நாட்களில் ஓட்டத்தை நேரில் அளந்து, எந்த மட்டத்துக்கு எவ்வளவு ஓட்டம் என்று ஒரு வளைகோடு தயாரித்திருப்பார்கள், தளம் அதை வைத்து மட்டத்தை ஓட்டமாக மாற்றிக் காட்டுகிறது.

பனிக்கட்டி வந்ததும் அந்த வளைகோடு பொய்த்துவிடும். நீர் குறைந்திருக்கும், ஆனால் பனிக்கட்டி வழியை அடைப்பதால் மட்டம் ஏறியிருக்கும். நவம்பரில் மட்டம் உயர்ந்ததைப் பார்த்து வெள்ளம் என்று எண்ணுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. வெளியிட்ட பழைய தரவுகளில் அப்படிப்பட்ட நாட்களுக்குப் பக்கத்தில் ‘பி’ என்ற குறி இருக்கும். பனிக்கட்டி இருந்தது, ஓட்டம் திருத்தி மதிப்பிட்டது என்று பொருள். அந்தக் குறியுள்ள நாட்களைக் கோடையோடு நேராக ஒப்பிடாதீர்கள்.

ஏப்ரல் கடைசியிலும் மே முதல் பாதியிலும் வரைபடத்தை ஒரு நாளில் பல முறை பார்க்க வேண்டும், தனியாக அல்ல, வட க்ளோண்டைக் நிலையத்தோடும் டாசனிலுள்ள யூகான் மட்டத்தோடும் சேர்த்து. போனான்சாவுக்கு மேலுள்ள நிலையத்தில் மட்டம் சில மணி நேரத்தில் செங்குத்தாக ஏறினால் அதற்குக் கீழே, கூடுமுகத்துப் பக்கம், பனிக்கட்டி பிடித்திருக்கலாம். வெயில் நன்றாக அடித்து, மேலே உருகல் கூடிக்கொண்டிருக்கும் நாளில் மட்டம் திடீரென இறங்கினால் வெள்ளம் ஓய்ந்தது என்று நினைக்க வேண்டாம். அதற்கு மேலே எங்கோ ஓர் அடைப்பு நீரைப் பிடித்து வைத்திருக்கலாம். அது விடும்போது நீரும் பாளங்களும் ஒன்றாக வரும், தாழ்வான கரையில் வாகனமோ படகோ நிறுத்தியிருப்பவர்கள் அவற்றை எடுத்துவிட வேண்டிய நேரம் அந்த இறக்கம்தான்.